கொடி ஒரு மீட்டர் நகர்ந்தால்: நீச்சல் போட்டியை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதுவது எப்படி

இளையோருக்கு நீச்சல் மர்மக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் யோசிப்பது ஊக்கமருந்து கலந்த பாட்டிலை, அல்லது காணாமல் போன பதக்கத்தை. இரண்டும் கபடிக் கதைக்கும் அப்படியே பொருந்தும். நீச்சல் நாவல் என்றால் குற்றம் நீச்சலின் விதிக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும். தினமும் காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்குகிற பதினாறு வயசுப் பெண் அதைப் படித்து, துப்பறிபவளுக்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழி இருக்க வேண்டும்.

ஒரு குற்றத்தை முழுசாகக் கட்டிப் பார்ப்போம். பேக்ஸ்ட்ரோக் நீந்துகிறவர் மல்லாந்து போகிறார், சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு பக்கமும் சுவரிலிருந்து 5 மீட்டரில், தண்ணீருக்கு 1.8 மீட்டர் உயரத்தில், குறுக்கே கொடிக்கயிறு கட்டுகிறார்கள். கொடி தலைக்கு மேல் போனதும் எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று கை போட்டு நாலாவதில் குப்புறப் புரண்டு டர்ன் அடிப்பது (குட்டிக்கரணம் போட்டுக் காலால் சுவரை உதைத்துத் திரும்புவது) உங்கள் நாயகியின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை வீச்சுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். கொடியை யாராவது 6 மீட்டருக்கு நகர்த்தினால் அவள் ஒரு மீட்டர் முன்னாடியே புரண்டுவிடுவாள். கால் சுவரில் படாமல் போனால் டிஸ்குவாலிஃபை. புரண்ட பிறகு சும்மா மிதந்தோ காலை உதைத்தோ சுவர் வரை போனாலும் டிஸ்குவாலிஃபைதான், ஏனென்றால் புரண்டதும் ஒரே தொடர்ச்சியான கை இழுப்பில் டர்ன் தொடங்க வேண்டும் என்பது விதி. பார்க்கிறவர்களுக்கு அது அவளுடைய தப்பாகவே தெரியும். (4 மீட்டருக்கு நகர்த்தினால் மண்டை சுவரில் மோதும். அது வேறு மாதிரி நாவல், இளையோர் கதையில் வேண்டாம்.)

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பக்கத்துக்குக் கொடிக்கயிறு ஒன்றே ஒன்று, எல்லா லேனுக்கும் பொது. நாயகியை மட்டும் குறிவைக்க முடியாது. இதை மறைக்கப் பார்க்காதீர்கள், கதையின் முடிச்சே இதுதான். ஆறு லேன் குளத்தில் ஐந்து பேர் அந்த டர்னில் தடுமாறுகிறார்கள், ஒருத்தி மட்டும் சுத்தமாகத் திரும்புகிறாள். அவளுக்கு முன்பே தெரியுமா? இல்லை, அவளுடைய கோச் காலையில் "இன்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கை சேத்துப் போடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாரா? இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஜெயித்தவள் நிரபராதி, அதுவும் நாயகியின் நெருங்கிய தோழி என்றால் கடைசி அத்தியாயங்களுக்கு வேண்டிய வலி தானாக வரும்.

போட்டி 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், குளம் 25 மீட்டர். இதை மாற்றாதீர்கள். இதில் ஒரே ஒரு டர்ன்தான். 100 மீட்டர் வைத்தால் முதல் டர்னில் ஏமாந்தவர்கள் அதே பக்கத்துக்கு மறுபடி வரும்போது சுதாரித்துவிடுவார்கள்.

குளத்தைக் கற்பனையாகவே வையுங்கள். வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு தனியார் குளம், மாவட்டப் போட்டி, ஏப்ரல் கடைசி வாரம். கொடிக் கம்பத்துக்குத் தரையில் நிலையான குழி இருந்தால் நகர்த்த முடியாது. அதனால் சிமெண்ட் ஊற்றிய டப்பாவில் நட்ட கம்பம் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். காலை வார்ம்-அப்பில் கொடி சரியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். நகர்த்த ஏற்ற நேரம், பதினொன்றரைக்குச் சிறப்பு விருந்தினர் வந்து மேடையில் பொன்னாடை போர்த்துகிற இருபது நிமிடம். எல்லாருடைய கண்ணும் மேடையில் இருக்கும். அடுத்து வருவது ஃப்ரீஸ்டைல் ஹீட் (முதல் சுற்று) என்றால் இன்னும் நல்லது, அதற்குக் கொடி தேவையே இல்லை. பேக்ஸ்ட்ரோக் பன்னிரண்டு மணிக்கு.

அந்த நேரத்தைச் சும்மா சொல்லவில்லை. வேலூரில் ஏப்ரல் கடைசி வாரம் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கூரையில்லாத குளத்தில் மல்லாந்து நீந்துகிறவர் கண்ணில் நேராகக் குத்தும். ஐந்து பேர் தடுமாறியதற்கு எல்லாரும் வெயிலைத்தான் காரணம் சொல்வார்கள். வாசகரும் நம்புவார்.

இனி துப்பு. லேன் கயிற்றின் மிதவைகள் சுவரிலிருந்து 5 மீட்டர் வரை வேறு நிறத்தில் இருக்கும். கொடி சரியான இடத்தில் இருந்தால் நிறம் மாறுகிற இடத்துக்கு நேர் மேலே தொங்க வேண்டும். விருந்தினரோடு யாரோ எடுத்த செல்போன் படத்தின் ஓரத்தில், சிவப்பு மிதவை முடிந்து நீலம் தொடங்கிய பிறகு கொடியின் நிழல் விழுந்திருக்கிறது. உச்சி வெயிலுக்கு நிழல் நேர் கீழே விழும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இந்தப் படத்தை முதல் கால் பாகத்திலேயே காட்டுங்கள், ஆனால் அந்தப் பத்தியில் பேச்சு முழுக்கப் பொன்னாடையைப் பற்றியே இருக்கட்டும். அர்த்தம் புரிவது முக்கால் பாகம் தாண்டித்தான்.

அதிகாரிகளிடம் போகும் வழியை அடைக்க விதியே உதவும்: எழுத்து மூலப் புகாரை போட்டி முடிந்த 30 நிமிடத்துக்குள், கட்டணத்தோடு ரெஃப்ரியிடம் கொடுக்க வேண்டும். அழுது முடித்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுவதற்குள் அந்த நேரம் போயிருக்கும். அதன் பிறகு அவளே தேட வேண்டியதுதான். பதினாறு வயசுப் பெண்ணுக்கு என்ன முடியுமோ அது மட்டும் முடியட்டும். அம்மாவின் போன், டியூஷன் முடிந்து புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்கு இடையிலான நேரம், சாயங்காலம் குளோரின் போட வருகிற அண்ணாவின் நல்ல மனசு. வெயிலில் குளோரின் சீக்கிரம் சிதைந்துபோவதால் திறந்த குளங்களில் அதை இருட்டிய பிறகு போடுவது வழக்கம். ஆகவே யாரும் இல்லாத நேரத்தில் குளத்தில் இருக்க நியாயமான காரணமுள்ள ஒரே ஆள் அவர்தான். முதலில் அவரைச் சந்தேகிக்க வையுங்கள், பிறகு அவரையே சாட்சியாக்குங்கள்.

"அண்ணா, அந்தக் கொடிக் கம்பத்த யாருனா நவுத்துனாங்களா?"

"நான் வரசொல்ல அங்கதான் இருந்துச்சு. தண்ணி ஊத்துன எடம் மட்டும் ஈரமா கெடந்துச்சும்மா, அத்த இன்னாத்துக்குக் கேக்கற?"

வட்டார வழக்கு இந்த அளவு போதும். எல்லா வரியிலும் 'இன்னா' வந்தால் பக்கம் அலுத்துவிடும்.

குற்றவாளிக்குப் பணத்தாசை வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், அதற்கு ஒரு சான்றிதழ், தன் மாணவி மாநிலப் போட்டிக்குச் சென்னை வேளச்சேரிக் குளத்துக்குப் போக வேண்டும் என்கிற வெறி, இது போதும். நம்பும்படி இருக்கும்.

சின்ன விவரங்களில் கவனம் வையுங்கள். ஆறு லேன் குளத்தில் பதிவு நேரம் குறைவானவர் மூன்றாம் லேனில் நீந்துவார், அடுத்தவர் நான்கு, பிறகு இரண்டு, ஐந்து, ஒன்று, ஆறு. நாயகியை முதல் லேனில் போட்டுவிட்டு 'இவள்தான் வேகமானவள்' என்று எழுதினால் நீச்சல் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். டச் பேட் (கை பட்டதும் நேரத்தைப் பதிகிற சுவர்ப் பலகை) இல்லாத மாவட்டப் போட்டியில் லேனுக்கு மூன்று ஸ்டாப் வாட்ச், நடு நேரம் கணக்கு. குடியாத்தம் பக்கத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்ற பையன் பாத்திரம் இருந்தால், அவனுக்கு டைவ் பிரமாதமாக வரும், டர்ன் வராது.

பந்தயக் காட்சி இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நிஜத்தில் அது நாற்பது நொடிக்குள் முடிகிற விஷயம். கைதட்டல், ஆரவாரம் என்று எழுதாதீர்கள், காது தண்ணீருக்குள் இருக்கிறது. அவளுக்குக் கேட்பது தன் மூச்சும் குமிழியும், தெரிவது வெள்ளை வானமும் கொடியும். அவள் எண்ணுவதை மட்டும் எழுதுங்கள்: கொடி. ஒன்று. இரண்டு. மூன்று. புரள்கிறாள். கால் தேடுகிறது, சுவர் இல்லை.

எழுதி முடித்ததும் பேக்ஸ்ட்ரோக் நீந்துகிற ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். செல்போன் படத்திலேயே குறித்திருந்தால் பொன்னாடைப் பேச்சை இன்னும் நீட்டுங்கள். கடைசி வரை எங்கும் குறி இல்லை என்றால் மிதவையின் நிறத்தை வார்ம்-அப் காட்சியில் இன்னொரு தரம் சொல்லுங்கள்.