ஹெல்த் காட் எடுக்கப் போகுமுன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்திறங்கிய முதல் வாரம் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் கேட்கிற இலக்கம்), வங்கிக் கணக்கு, போன் என்று ஓடித் திரிவதிலேயே போய்விடும். ஹெல்த் காட் எப்போதும் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். “இப்ப ஒருத்தருக்கும் வருத்தமில்லைத்தானே, ஆறுதலாப் பார்ப்பம்” என்பார்கள். சுணங்காமல் போங்கள்.

ஓஹிப் என்று இங்கே எல்லோரும் சொல்வது கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி. அதற்கான அட்டைதான் ஹெல்த் காட். பதிவு செய்யக் காசு இல்லை. நான் வந்த காலத்தில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்து, வாக்-இன் கிளினிக்கில் கைக்காசு கட்டித்தான் டொக்டரைப் பார்த்தேன். அந்தக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் “மூண்டு மாதம் பொறு” என்று சொல்கிற மாமா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவர் சொல்வது பழைய கதை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குப் போகிறவர்களுக்குக் காத்திருப்பு இன்னும் உண்டு: வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதற்குப் பிறகு இரண்டு மாதமும்.

நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், குடியுரிமை உள்ளவர்கள், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். வேலை பெர்மிட்டில் வந்தவர் ஒன்ராறியோ நிறுவனம் ஒன்றில் குறைந்தது 6 மாதம் முழுநேர வேலை செய்பவராக இருக்க வேண்டும். படிக்க வந்தவர்களுக்கும் சூப்பர் விசாவில் (பிள்ளைகளோடு நீண்டகாலம் தங்க வருகிற விசா) வந்த அம்மா அப்பாவுக்கும் ஓஹிப் இல்லை. அவர்களுக்குத் தனியார் காப்புறுதிதான். அகதிக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருந்தால் மத்திய அரசின் தற்காலிகத் திட்டம் தனியாக இருக்கிறது.

சரி, கொண்டுபோக வேண்டியவை. சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசுச் சேவை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மூன்று அசல் பத்திரங்கள் தேவை: உங்கள் குடிவரவு நிலையைக் காட்ட ஒன்று, ஒன்ராறியோவில் குடியிருப்பதைக் காட்ட ஒன்று, ஆள் நீங்கள்தான் என்று காட்ட ஒன்று. மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரே பத்திரத்தை இரண்டு இடத்தில் காட்ட முடியாது.

நம்மவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான். போன வருடம் வந்த என் மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நிரந்தர வதிவிடத்தை உறுதிசெய்த குடிவரவுக் கடிதம் இருந்தது, பாஸ்போட் இருந்தது. விலாசத்துக்கு? தங்கியிருப்பது எங்கள் வீட்டு பேஸ்மன்டில். வாடகை ஒப்பந்தம் இல்லை, கரண்ட் பில் என் பெயரில். “இவர் எங்களோடுதான் இருக்கிறார்” என்று நான் வாயால் சொன்னதை கவுண்டரில் இருந்த பிள்ளை சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, பெயரும் விலாசமும் அச்சடித்த ஒன்று வேண்டும் என்றார். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்ற பிறகு.

அதனால் உறவுக்காரர் வீட்டில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு திறக்கும்போதே, மாதாந்தக் கணக்கறிக்கையைத் தாளில் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் போனில் பார்க்கிற அறிக்கையோடு விட்டுவிடுவார்கள். மனைவியின் பெயரில் ஒன்றும் வராது என்றால் கூட்டுக் கணக்காகத் திறந்தால் இரண்டு பெயரும் அச்சாகும். விலாசத்தில் ‘பேஸ்மன்ட்’ அல்லது யூனிட் இலக்கத்தை விடாதீர்கள், ஹெல்த் காட்டும் அதே விலாசத்துக்குத் தபாலில்தான் வரும்.

பெயரையும் பாருங்கள். நமக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்கு ஒரே பெயர்தான். குடிவரவுக் கடிதத்தில் எது குடும்பப் பெயர் என்று போட்டிருக்கிறதோ, வங்கியிலும் அதே எழுத்தில், அதே வரிசையில் கொடுங்கள். ஓரிடத்தில் முதலெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

படம் அங்கேயே எடுப்பார்கள். 15½ வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் படமும் கையெழுத்தும் தேவையில்லை. காட் வரச் சில வாரம் ஆகும். கவுண்டரில் தரும் தாளை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. குடிவந்த முதல் 183 நாளில் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 30 நாள். தங்கச்சியின் கலியாணத்துக்கு என்று யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதம் நின்றுவிடுகிற ஆட்கள் இதை யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகும் எந்த 12 மாதத்திலும் 153 நாள் கணக்கு உண்டு.

காட் கையில் வந்தால் டொக்டரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். பல் வைத்தியத்தையும் கண்ணாடியையும் ஓஹிப் கொடுக்காது. டொக்டர் எழுதித்தரும் மருந்துக்கும் பொதுவாகக் காசுதான். தனியார் காப்புறுதி இல்லாத 25 வயதுக்குட்பட்டவர்களுக்கும், 65 தாண்டியவர்களுக்கும் அரசு உதவும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் சோதனை இலவசம், கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் கூப்பிடப் பயப்பட வேண்டாம், உண்மையான தேவை என்றால் 45 டொலர்தான் பில் வரும்.

காட் இருந்தாலும் பமிலி டொக்டர் கிடைப்பது தனிப் போராட்டம். தமிழ் பேசும் டொக்டர்மாரிடம் பெரும்பாலும் இடம் இருக்காது. ‘ஹெல்த் கெயார் கனெக்ட்’ என்ற அரசுப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, நீங்களும் கிளினிக்குகளுக்குப் போன் அடித்துப் புதிய ஆட்களை எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் தூரத்தைப் பார்க்காமல், ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கம் வரைக்கும் தேடுங்கள். டொக்டர் கிடைக்கும்வரைக்கும் 811 என்ற போன் இலக்கம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் ஒரு நேர்ஸ் போனில் கதைப்பார், மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

அப்புறம், மாமா வீட்டை விட்டுத் தனி வீடு பார்த்துப் போனால் 30 நாளுக்குள் புது விலாசத்தைச் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காட் முடிகிற நேரத்தில் அவர்கள் அனுப்பும் கடிதம் மாமாவின் சமையலறை லாச்சியில்தான் கிடக்கும்.