பாடத்தை முந்தும் பிள்ளைக்கு ஒரு கடல் கணக்கு

வீட்டில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை பாடம் முடித்துச் சலித்துக்கொண்டால், அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் திணித்துப் பலனில்லை. கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத கேள்வி வேண்டும். மண்டபம், பாம்பன் கரையில் அது கடலின் ஏற்றவற்றம், அதாவது நீர் ஏறி இறங்குவது.

அதை அளக்க 2 அங்குல பிவிசி குழாய்; அடிமூடியில் 3 மி.மீ. துளை. உள்ளே உரசாத தெர்மோகோல் மிதவை, அதில் செருகிய ஈர்க்குச்சி மேல்மூடித் துளை வழியே நீட்டும். குச்சியில் செ.மீ. கோடுகள். படகுத்துறைத் தூணில் நிமிர்த்திக் கட்டி (பெரியவர் துணையோடுதான்) மணிக்கொருமுறை குறிக்கவேண்டும். அடித்துளை பெரிதானால் அலைக்குக் குச்சி ஆடும். மணல் அடைத்தால் அசையாது.

ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அதற்குக் காரணமான நிலவைப் பற்றி வாயே திறக்காதீர்கள்! ஒத்துவராத அளவை அழிக்கவிடாமல், பக்கத்தில் காற்றின் திசையை எழுதச் சொல்லுங்கள்; வாடை வலுத்தால் நீர்மட்டம் கணக்குக்கு அடங்காது.