ஆணியில்லாத முக்காலி: கால் சாய்வும் ஆப்பும்

மரவேலையில் முதன்முதலாக உளி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் நான்கு கால் ஸ்டூலில்தான் கை வைக்கிறார்கள். நான் முக்காலியைச் சொல்வேன். மூன்று கால்கள் எப்படிப்பட்ட தரையிலும் ஒன்றாகப் பதியும். மேடுபள்ளத்தில் வைத்தாலும் தட்டுத்தட்டென்று ஆடாது. சிரமம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. சாய்ந்து நிற்கும் கால், இருக்கைப் பலகையை ஊடுருவி மேலே தலைகாட்டி, அங்கே ஓர் ஆப்பினால் இறுக வேண்டும். ஆணி வேண்டாம், திருகாணி வேண்டாம். இந்தப் பூட்டு கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் இழைப்பு வேலைதான்.

மரமும் அளவும்

இருக்கைக்கு 300 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. கனமும் உள்ள வட்டப் பலகை. கால்களுக்கு 40 மி.மீ. சதுரத்தில், 500 மி.மீ. நீளத்தில் மூன்று கட்டைகள். ஆப்புக்கு எவ்வளவு கடினமான துண்டு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

கால் கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், ரேகையை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரியைப் பாருங்கள். ஒரு முனையில் தொடங்கும் ரேகை மறுமுனை வரை ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால், யாராவது தொப்பென்று உட்காரும் அன்றைக்கு அந்த இடத்தில்தான் முறியும். கால்கள் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். இருக்கை அதைவிடச் சற்றே ஈரம் கூடியிருந்தாலும் நல்லதுதான்: பின்னர் அது காயும்போது சுருங்கி, கால் முனையைக் கவ்விக்கொள்ளும்.

சாய்வு ஏன் 15 பாகை?

அழகுக்காக மட்டுமல்ல. துளைகள் மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். கால்கள் செங்குத்தாக நின்றால், இரண்டு பாதங்களை இணைக்கும் கோடு மையத்திலிருந்து 50 மி.மீ. தூரத்திலேயே வந்துவிடும். இருக்கையின் விளிம்போ 150 மி.மீ. தள்ளி இருக்கிறது. விளிம்போரம் உட்கார்ந்தவர் கவிழ்வார். 15 பாகை சாய்த்தால், தரையிலிருந்து பலகையின் அடி வரை உள்ள 410 மி.மீ. உயரத்தில் பாதம் இன்னும் 110 மி.மீ. வெளியே போகும், அந்தக் கோடும் 105 மி.மீ.க்கு நகரும். இதற்கும் குறைவான சாய்வில் முக்காலி செய்ய வேண்டாம்.

குறிப்பதும் துளைப்பதும்

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, மையத்திலிருந்து கவராயத்தால் 100 மி.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கவராயத்தின் விரிவை மாற்றாமல் அந்த வட்டத்தின் மேலேயே நடத்திப் போனால் ஆறு புள்ளிகள் விழும். ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்று என்பது முக்கியம். மையத்தின் வழியே ரேகை ஓடும் திசையில் ஒரு கோடு இழுத்து, ஒரு துளை அந்தக் கோட்டின் மேல் வரும்படி அமையுங்கள். அப்படி அமைத்தால் எந்த இரண்டு துளைகளும் ஒரே ரேகையில் சிக்காது. சிக்கினால் பலகை பிளக்க நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகும்.

இனி மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் விளிம்பு வரை கோடு இழுங்கள். துரப்பணம் சாய வேண்டியது இந்தக் கோட்டின் வழியேதான். சாய்மட்டத்தை (வேண்டிய கோணத்துக்குத் திறந்து இறுக்கும் மட்டம்) 75 பாகைக்குத் திறந்து கோட்டின் மேல் நிறுத்துங்கள். துரப்பணத்தின் உடல் விளிம்புப் பக்கம் சாய்ந்தும், அதில் மாட்டிய பிட்டின் (துளைக்கும் அலகின்) நுனி மையத்தை நோக்கியும் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து, இடவலமாகக் கோணுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தனியாகச் செய்தால் ஒரு கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்தாலே போதும். 25 மி.மீ. பிட், மெதுவான வேகம். பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிட் வெளிவரும் இடத்தில் சிலாம்பு பெயர்ந்து, முக்காலியின் முகமே கெட்டுப்போகும்.

கால் முனை

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. அவசரப்பட்டால் மொத்தமும் வீணாகும் பகுதியும் இதுவே.

சதுரக் கட்டையின் ஒவ்வொரு முகத்திலும், இரு ஓரங்களிலிருந்தும் 12 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு மூலைகளை இழைத்தால் எண்கோணம் வரும். மேல்முனையில் 55 மி.மீ. நீளத்துக்கு அதை மேலும் செதுக்கி, உருளையாக 25 மி.மீ.க்குக் கொண்டு வர வேண்டும். இந்த உருளைக்குக் கீழே படிபோல் வெட்டாதீர்கள். கால் சாய்வாக நுழைவதால் படியின் ஒரு பக்கம் மட்டும்தான் பலகையைத் தொடும். அதற்குப் பதில் காலை மெல்லச் சரிவாகப் பருக்க விடுங்கள். அந்தச் சரிவு துளையின் வாயில் போய் இறுகும்.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு கடின மரத்துண்டில் அதே பிட்டால் துளை போட்டு, உள்சுவரில் பென்சிலை நன்றாகத் தேய்த்து வையுங்கள். கால் முனையை அதில் செருகித் திருகி வெளியே எடுத்தால் மேடான இடங்களில் மட்டும் கருப்பாகப் பளபளக்கும். அதை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுங்கள். மறுபடி செருகுங்கள், மறுபடி பாருங்கள். முதலில் ஒரு பக்கம் இரண்டு புள்ளி தெரியும், பிறகு பட்டையாக விரியும், கடைசியில் முனை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் சீராகக் கறுக்கும். கையால் அழுத்திப் பாதியும், கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இரண்டு தட்டில் மீதியும் உள்ளே போனால் அதுதான் சரியான பதம். ஒரு காலுக்கு அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும்.

ஆப்பு

முனையின் நடுவே ரம்பத்தால் 30 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் பிளவு அதைத் தாண்டி ஓடாது. ஆப்பு 25 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், தடித்த பக்கம் 4 மி.மீ. அதன் ரேகை நீளவாக்கில் இருக்க வேண்டும்.

இந்த முழு வேலையிலும் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஆப்பின் வெட்டு, இருக்கையின் ரேகைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஆப்பின் அழுத்தம் ரேகையின் நீளவாக்கில் போகும். மரம் அதைத் தாங்கும். ரேகைக்கு இணையாக வைத்தால் விறகு பிளக்கும் வேலையைத்தான் செய்கிறீர்கள். நான் செய்த முதல் இருக்கையில் இரண்டு கால்கள் சரி. மூன்றாவது, பசை தடவும்போது கையில் திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. நாலாவது அடியில் விளிம்பு வரை விரிசல் ஓடியது. அன்றிலிருந்து, பசை தொடும் முன்பே ஒவ்வொரு காலையும் செருகிப் பார்த்து, காலிலும் பலகையின் அடியிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்கிறேன். மேலிருந்து பார்த்தால் மூன்று வெட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும்.

துளையின் மேல்வாயை, ரேகைத் திசையில் இருபுறமும் ஒரு மி.மீ. அளவு அரத்தால் அகட்டி வையுங்கள். விரிந்த முனை அந்த இடத்தை நிரப்பிவிட்டால் பிறகு கீழே உருவி வராது.

துளையிலும் முனையிலும் மரப்பசை தடவி, காலை அடித்து இறக்கி, ஆப்பின் நுனியிலும் பசை தொட்டு மேலிருந்து அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி என்று சுற்றிச் சுற்றி வாருங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் மொத்தென்று கேட்கும் ஒலி, ஆப்பு இறுகியதும் கணீரென்று மாறும். மாறியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம்.

பாதம் சமன் செய்தல்

ஒருநாள் காய்ந்த பிறகு, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் அறுத்து, உளியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சீவுங்கள். பிறகு முக்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, பாதங்களின் கீழ் சிறு சக்கைகளைச் செருகி, இருக்கையின் விளிம்பு மூன்று இடங்களிலும் ஒரே உயரத்துக்கு வரச் செய்யுங்கள். ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து ஒவ்வொரு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டால், அதுதான் அறுக்க வேண்டிய கோடு. கட்டையின் உயரத்தை, இருக்கை 450 மி.மீ.க்கு இறங்கும்படி பார்த்து எடுங்கள். அறுத்த பின் பாத விளிம்புகளைச் சற்று மழுக்கிவிடுங்கள். இழுக்கும்போது சிலாம்பு எழாது.

கடைசியாக உப்புத்தாள், பிறகு ஆளிவிதை எண்ணெய் மெல்லிய மூன்று பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. நீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.