லைக்கைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழர்களின் கேள்வி-பதில் குழுவில் பதில்களைச் சரிபார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பதில் வந்தால் முதலில் கேள்வியைத்தான் திரும்பப் படிப்பேன், ஏனென்றால் பாதிப் பதில்கள் கேட்காத கேள்விக்கு வந்தவை.

அடுத்தது தேதி. ஓர் அக்கா கேட்டார்: "எனக்கு 56 வயது, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சிறப்புக் கணக்கில் உள்ள பணத்தை அப்படியே விட்டுவைக்கலாமா?" பதில் நல்ல நீளம், அன்பான பேச்சு, லைக்கும் நிறைய. "விட்டுவையுங்கள், வட்டி அதிகம்" என்றிருந்தது. ஆனால் 2025 ஜனவரியிலேயே 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். முழு ஓய்வுத் தொகை (ஓய்வுக்காலத்துக்காக சிபிஎஃப் வைத்திருக்கும் இலக்கு) எட்டும்வரை பணம் ஓய்வுக் கணக்குக்குப் போகும், மீதி சாதாரணக் கணக்குக்கு. எழுதியவர் பொய் சொல்லவில்லை, பழையதைச் சொன்னார், அவ்வளவுதான். ஜிஎஸ்டி 2023இல் 8, 2024இல் 9 சதவீதம் ஆன பிறகும் 7 என்று கணக்குப் போட்ட பதில்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டதை உடனே அழிக்க வேண்டாம். "இது 2025க்கு முந்தைய விதி" என்று மேலே ஒரு வரி போட்டு, எழுதியவரிடமே திருத்தச் சொல்லுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் திருத்துவார்.

அப்புறம், "என் மச்சானுக்குக் கிடைத்தது" வகை. அதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த வருடம், அவர் குடிமகனா நிரந்தரவாசியா என்று கேட்டு எழுத வையுங்கள். சிங்கப்பூரில் பல விஷயங்களில் பதிலே அதை வைத்துத்தான் மாறுகிறது.