மனோகரனும் தினகரனும்: 'ஹ்ரு' என்ற வேரைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் காவடிக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறீர்களா? வழியெல்லாம் கேட்கும் 'அரோகரா'வுக்குள் 'ஹர' இருக்கிறது, அந்த 'ஹர' பிறந்த வேர்தான் ஹ்ரு. சமஸ்கிருதம் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் இதிலிருந்து வந்த சொற்கள் பாதி ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேரின் சொந்தப் பொருளை எழுதுங்கள். ஏறத்தாழ 2,000 வேர்களைப் பட்டியலிடும் தாதுபாடம் இதை 'ஹ்ருஞ் ஹரணே' என்கிறது. முன்னால் வேர், பின்னால் பொருள். அந்த 'ஞ்' வெறும் இலக்கணக் குறி, விட்டுவிடலாம். ஹரணம் என்றால் எடுத்தல், கொண்டுபோதல். 'ஹரதி' என்றால் எடுத்துச் செல்கிறான். பாவத்தை எடுத்துவிடுகிறவன் ஹரன், நம் தேவாரத்தின் 'அரன்'. மனத்தை எடுத்துக்கொண்டு போவது மனோகரம்.

சரி, இரண்டாவது படி: முன்னொட்டைச் சேருங்கள். 'ஆ' என்றால் இந்தப் பக்கமாக, தன்னை நோக்கி. ஆ + ஹ்ரு, தன்னிடம் கொண்டுவருவது, ஆகாரம். 'அப' என்றால் அப்பால், அதனால் அபகரித்தல். 'வி' சேர்ந்தால் விஹாரம், உலாவுதல், உலாவும் இடம், அப்புறம் புத்தத் துறவிகள் தங்கும் இடம். ஜாலான் யூனோஸ் பக்கம் மங்கள விஹாரம் இருக்கிறதே, அதே சொல்தான்.

'சம்' மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. சம் என்றால் ஒன்றாக. அப்படியானால் சம்ஹாரம் ஒன்றாகச் சேர்ப்பது, உள்ளே இழுத்துக்கொள்வது. ராமாயணத்தில் விஸ்வாமித்திரரிடம் அஸ்திரங்களைப் பெற்ற ராமன் அடுத்துக் கேட்பது அவற்றின் சம்ஹாரத்தை, அதாவது விட்டதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வித்தையை. உலகத்தையே இறைவன் தனக்குள் இழுத்துக்கொண்டால் அது அழிவு. கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள், சூரன் மயிலாகவும் சேவலாகவும் முருகனிடமே போய்ச் சேருகிறானே, அந்தக் கதைக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம்!

மூன்றாவது படியில்தான் நம்மவர்கள் எல்லோரும் வழுக்குகிறார்கள். தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ஹ-வும் க-வாகிவிடுகிறது, அதனால் ஹ்ருவும், 'செய்' என்ற பொருளுள்ள க்ருவும் ஒரே மாதிரித் தெரியும். மனோகரன், தினகரன் என்று வகுப்பில் இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் இரண்டு 'கர'வும் ஒன்று என்றுதான் தோன்றும். ஆனால் முதலாமவர் மனத்தைக் கவர்கிறவர், இரண்டாமவர் பகலைச் செய்கிறவர், சூரியன். சங்கரனும் பிரபாகரனும் தினகரன் கட்சி. ஆகாரத்தில்கூட இரண்டு உண்டு: சாப்பாடு ஹ்ரு, வடிவம் என்ற பொருளில் வருவது க்ரு. ஆகவே 'கர', 'கார' என்று எதைப் பார்த்தாலும் உடனே பொருள் எழுதாதீர்கள், எடுப்பதா செய்வதா என்று முதலில் கேளுங்கள்.

இதற்குச் சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்குக் கையோடு ஒரு வசதி இருக்கிறது: சமஸ்கிருதச் சொற்கள் கலந்திருக்கும் மலாய். பரிகாரம் எந்த வேர்? மலாயில் அது 'பெலிஹாரா', பராமரித்தல் என்று பொருள் மாறியிருந்தாலும் ஹ அப்படியே நிற்கிறது, எனவே ஹ்ரு. 'அதன் பிரகாரம்' என்கிறோமே, அந்தப் பிரகாரம் மலாயில் 'பெர்காரா', க கேட்கிறது, எனவே க்ரு. எல்லாச் சொல்லும் மலாயில் கிடைக்காது, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதியைத் திறந்து பாருங்கள், வடமொழி மூலத்தை அங்கே ஹ, க வேறுபாட்டோடு போட்டிருப்பார்கள்.

கடைசியாக நான்கு சொற்களை நீங்களே பிரித்துப் பாருங்கள்: உபகாரம், அலங்காரம், விவகாரம், உதாரணம். முதல் இரண்டும் க்ரு. விவகாரத்தில் வி, அவ என்று இரண்டு முன்னொட்டு, அப்புறம் ஹ்ரு. உதாரணமும் ஹ்ருதான், உத் + ஆ + ஹரணம், உதாஹரணம். தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அதில் ஹ-வே காணாமல் போய்விட்டது.