முழங்கையிலிருந்து மூளைவரை: நரம்பு மண்டலத்தை வீட்டிலேயே சோதித்து அறிவது எப்படி

நரம்பு என்ற சொல்லைத் தமிழில் நாம் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். யாழின் தந்தி நரம்பு, வெற்றிலையில் ஓடும் கோடு நரம்பு, இரத்தம் எடுக்க வரும் தாதி கையைத் தட்டித் தட்டிப் பார்க்கும்போது, "நரம்பு கிடைக்கவில்லையா?" என்று நாம் கேட்பதும் வழக்கம். ஆனால் தாதி தேடுவது சிரை எனப்படும் இரத்தக் குழாயைத்தான். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் உயிரியல் படிக்கும் என் மகள், தன் மணிக்கட்டில் பச்சையாகத் தெரியும் கோட்டைக் காட்டி, "மூளைக்குச் செய்தி போவது இதன் வழியாகத்தானே, அப்பா?" என்று கேட்டபோது, பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பாடமும் வீட்டில் தமிழில் புழங்கும் சொல்லும் அவள் மனத்தில் சந்திக்கவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்து பார்த்தவற்றைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

30 சென்டிமீட்டர் அடிக்கோல், இரண்டு பல்குச்சிகள், ஒரு புத்தகம், ஒரு வெள்ளைத் தாள், துணி சுற்றிய கரண்டி, கைத்தொலைபேசி, கோடாலித் தைலம் ஆகியவை போதும். பாடநூல்கள் பெரும்பாலும் மூளையில் தொடங்கிக் கீழே இறங்கும். நான் அதைத் தலைகீழாக்கிக் கையிலிருந்து மேலே ஏறச் சொல்வேன். உடலில் கீழ்மட்டத்தில் முடியும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது, முடியாதது மட்டுமே மேலே செல்கிறது என்ற ஏற்பாடு அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

நரம்பைத் தொடுதல்

இடது கையை மடக்குங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்கும் முழங்கையின் நுனிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். வலது ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் குறுக்காக மெல்ல உருட்டினால், தடித்த நூல் போன்ற ஒன்று விரலுக்கடியில் நழுவும். அதுதான் உண்மையான நரம்பு. அல்நார் நரம்பு என்று அதற்குப் பெயர். கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தது போல் இருப்பது இதனால்தான். சற்றே அழுத்திவிட்டு, கூச்சம் எங்கே தோன்றுகிறது என்று கவனியுங்கள். அழுத்திய இடத்தைவிடச் சுண்டுவிரலிலும் அதை ஒட்டிய மோதிரவிரலின் பாதியிலும் அது தெளிவாகத் தெரியும். நரம்பை வழியில் எங்கே சீண்டினாலும், அது எந்த இடத்திலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்போ அந்த இடத்தையே மூளை குற்றம் சொல்கிறது. முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை நெருக்கும்போது பலருக்குக் கெண்டைக்காலில் வலி தெரிவதும் இதே காரணத்தால்தான். நரம்பு நெடுநேரம் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே ஒருமுறை பார்த்ததும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் தொட்டது ஒற்றை இழை அன்று. ஆயிரக்கணக்கான இழைகளைக் கொண்ட கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின், அதாவது நரம்புச் செல்லின், நீண்ட வால். சுண்டுவிரலின் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் இழைக்கு உரிய அணுவின் உடல் கழுத்தெலும்புகளின் அருகே இருக்கிறது. கால் விரல் நுனிவரை செல்லும் இழையோ, கீழ்முதுகிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் ஓடுகிறது. இந்த நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இழைகள் எல்லாம் ஒரே வேகத்தில் செய்தி கடத்துவதில்லை. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திய தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 120 மீட்டர்வரை பாய்கிறது. அது நம் பெருவிரைவு ரயில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வேகத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். உறையில்லாத மெல்லிய வலி இழைகளிலோ நொடிக்கு 1 மீட்டர் அளவில், நாம் ஆற அமர நடக்கும் வேகத்தில்தான் செல்கிறது. இரவில் கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்று ஒன்றும், நொடி கழித்துக் கடுகடுப்பாக மற்றொன்றும் வருவது, மெல்லிய உறை போர்த்திய வலி இழைகளின் செய்தியும் உறையில்லாத வலி இழைகளின் செய்தியும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால்தான். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850இல் தவளையின் நரம்பை வைத்து அதைச் செய்தார். அதற்கு முன்பு அந்த வேகத்தை அளக்கவே இயலாது என்று நம்பிய பெரிய அறிஞர்களும் இருந்தார்கள்.

தண்டுவடம் தானே முடிக்கும் வேலை

பிள்ளையைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில், கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும்படி உட்கார வையுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு தொடங்குவதற்கு முன், தசையை எலும்போடு பிணைக்கும், அழுத்தினால் இழுவையாகத் தெரியும் தசைநாண் இருக்கும். துணி சுற்றிய கரண்டிக் காம்பால் அதைச் சுருக்கென்று, ஆனால் வலிக்காமல் தட்டினால், கால் தானாக முன்னே எழும்பும்.

பல வீடுகளில் முதல் முயற்சியில் ஒன்றும் நடக்காது. தட்டப் போகிறார்கள் என்று எதிர்பார்த்துத் தொடையை இறுக்கிக்கொள்வதே அதற்குக் காரணம். இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோல் ஒன்றில் ஒன்று மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு எதிரெதிராக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் அந்தக் கணத்தில் தட்டுங்கள். மருத்துவர்கள் இன்றும் கையாளும் இந்த உத்தியைச் சொல்லிக்கொடுத்தவர் ஹங்கேரிய மருத்துவர் யெந்திராசிக். என் மகளுக்கு நான்கு முறை வராத உதறல், இதைச் செய்தவுடன் என் கண்ணாடியைத் தட்டிவிடும் அளவுக்கு வந்தது.

உதைத்த பிறகு, "நீ உதைக்க நினைத்தாயா?" என்று கேளுங்கள். இல்லை என்பதே பதிலாக இருக்கும். தசைநாணைத் தட்டியதும் தொடைத்தசை இழுபடுகிறது. இழுபட்ட செய்தி கீழ்முதுகில், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்குச் செல்கிறது. அங்கே ஒரே ஒரு நரம்புச் சந்திப்பைக் கடந்து, 'சுருங்கு' என்ற கட்டளையாக அதே தசைக்குத் திரும்புகிறது. மூளைக்கும் தகவல் போகிறது, ஆனால் காரியம் தொடங்கிய பிறகுதான். வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் தடிமனும் உள்ள தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. அதை மூளைக்குச் செல்லும் வெறும் கம்பித்தடம் என்று நினைப்பது தவறு. தானே முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கும் உண்டு.

இதனோடு ஒப்பிடவே அடிக்கோல் சோதனை. அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் சுழிக்கோடு பிள்ளையின் விரித்த பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும்படி வைத்து, சொல்லாமல் கைவிடுங்கள். பிடித்த இடம் 15 சென்டிமீட்டர் என்றால் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.17 நொடி, 20 என்றால் 0.20 நொடி. முழங்கால் உதறலில் திரும்பும் கட்டளை தசையை அடைய 0.02 நொடி அளவே ஆகிறது. இங்கே கண் பார்த்ததைப் பிடரிப் பக்கத்து மூளை உணர்ந்து, முன்மூளை முடிவெடுத்து, கைக்குக் கட்டளை இறங்க வேண்டும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு, 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்கும் இடம் கீழிருந்து எவ்வளவு மேலே போகிறது என்று பார்த்த எந்தப் பிள்ளைக்கும், சாலையைக் கடக்கும்போது கைத்தொலைபேசியைப் பார்க்காதே என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

மூளைத்தண்டும் சிறுமூளையும்

தண்டுவடத்துக்கு மேலே, கட்டைவிரல் அளவில் நிற்பது மூளைத்தண்டு. ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்து வேகமாக இடவலமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள், எழுத்துகள் கலங்கும். இப்போது புத்தகத்தை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டிப் படியுங்கள், படிக்க முடியும். உட்காது தலையின் அசைவை மூளைத்தண்டுக்குச் சொல்ல, அது கண்களை எதிர்த்திசையில் அதே அளவு திருப்பிவிடுகிறது. கண்மணி சுருங்குவதையும் பார்க்கலாம்: மங்கிய அறையில் ஒரு கண்ணுக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து ஒரு நொடி வெளிச்சம் காட்டினால், மற்றக் கண்ணிலும் கண்மணி சுருங்கும். நம்மில் பெரும்பாலோரின் விழி கரும்பழுப்பாக இருப்பதால் இது எளிதில் தெரியாது. கைத்தொலைபேசியில் அருகிலிருந்து காணொளி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மெல்ல மூச்சை இழுத்து விட்டால், இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தணிவதும் இளையவர்களிடம் நன்றாகத் தெரியும். அது மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை.

சிறுமூளைக்கு, உள்ளங்கையையும் புறங்கையையும் மாறிமாறித் தொடையில் விரைவாகத் தட்டச் சொல்வதே போதும். மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. பரதம் கற்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. புதிய அடவில் கால் எங்கே, கை எங்கே என்று ஒவ்வொன்றாக எண்ணிச் செய்கிற காலம் ஒன்று, எண்ணாமலே தாளத்தில் விழுகிற காலம் ஒன்று. இடையில் திருத்தித் திருத்திப் பழக்கிவிட்டது சிறுமூளை.

பெருமூளையின் வரைபடம்

இரண்டு பல்குச்சிகளின் மழுங்கிய பக்கத்தை 1 சென்டிமீட்டர் இடைவெளியில் சேர்த்துப் பிடித்து, கண்மூடியிருப்பவரின் விரல்நுனியில் மெல்ல வையுங்கள். இரண்டு என்பார். அதையே முன்கையில் வைத்தால் ஒன்று என்பார். இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், விரல்நுனியில் 2, 3 மில்லிமீட்டரையும் பிரித்தறிய முடிவதும், முன்கையிலும் முதுகிலும் 4 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி வைத்தால்தான் இரண்டென்று தெரிவதும் விளங்கும். இடையிடையே ஒற்றைக் குச்சியையும் வையுங்கள். இல்லாவிட்டால் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள்.

1937இல் கனடிய அறுவை மருத்துவர் பென்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர் போல்ட்ரியும், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, எந்த இடத்தைத் தொட்டால் உடலின் எந்தப் பகுதியில் உணர்வு எழுகிறது என்று குறித்தார்கள். அந்த வரைபடத்தில் உதடும் விரல்களும் பரந்த இடத்தைப் பிடிக்க, முதுகு முழுவதும் ஒரு சிறு துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் பல்குச்சி அளவுகளைத் தாளில் குறித்து, கூர்மையாக உணரும் பகுதிகளைப் பெரிதாக வரைந்தால், அதே உருவத்தை நீங்களே வரைந்திருப்பீர்கள். வலக்கையின் உணர்வு இடது பெருமூளைக்குச் செல்வதையும் படத்தில் அம்புக்குறி இட்டுக் காட்டுங்கள்.

மூளை தனக்குக் கிடைக்காததை நிரப்பிக்கொள்ளும் என்பதற்குத் தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் போதும். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்புள்ளியையே பார்த்தபடி, தாளை 30 சென்டிமீட்டர் தொலைவில் முன்னும் பின்னும் நகர்த்தினால் வலப்புள்ளி மறையும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் அப்போது அந்தப் புள்ளியின் பிம்பம் விழுகிறது. அங்கே ஓட்டை தெரியாமல் வெள்ளைத் தாளே தெரிவதுதான் வியப்பு. அதுபோலவே கோடாலித் தைலம்: அதிலுள்ள மென்தால், நரம்பு முனையில் குளிரை உணரும் அதே வாங்கியை, அதாவது தூண்டலை ஏற்கும் புரதத்தை, திறப்பதால், தோல் குளிராமலே குளிர் தெரிகிறது. மிளகாயும் இப்படித்தான் சூட்டின் வாங்கியைத் திறக்கிறது. அந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. தைலம் தொட்ட கை கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கும்

எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, தனக்கும் செய்யச் சொன்னார். அவருக்கு 19 ஆண்டுகளாக நீரிழிவு. விரல்நுனியில் சரியாகச் சொன்னவர், பேத்தி கால் கட்டைவிரலைத் தொட்டபோது, "இன்னும் தொடவில்லையா, கண்ணு?" என்றார். அவள் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். நீரிழிவு நரம்பிழைகளைக் கெடுக்கும்போது மிக நீளமானவற்றையே முதலில் தாக்குகிறது. 1 மீட்டர் நீளும் அந்தக் கால்விரல் இழைகள் கைக்கு முன்பே கெட்டுவிடுகின்றன.

ஆகவே நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் குச்சியோ கூரான எதுவுமோ வேண்டாம். விரலால் தொடும் எளிய முறை ஒன்று இருக்கிறது. அவரைக் கண்மூடிப் படுக்கச் சொல்லி, வலப்பாதத்திலும் இடப்பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, இறகு படுவதுபோல் ஓரிரு நொடி மட்டும் தொடுங்கள். குத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. தொட்டதை உணர்ந்தவுடன் வலம், இடம் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் உணரவில்லை என்றால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் பலதுறை மருந்தகத்தில் பாதப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள். அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் முறையாகச் சோதிப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது இரவு தோறும் மகள் அவருடைய உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கொப்புளமோ கீறலோ இல்லை என்று சொன்ன பிறகே அவர் படுக்கப் போகிறார்.