சிரட்டையை விற்று விடுங்கள், கொதும்பைக் கரியாக்குங்கள்

பயோசார், அதாவது மண்ணில் இடுவதற்காகச் செய்யும் கரி என்றதும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிரட்டைதான். அதில் கைவைக்க வேண்டாம். சிரட்டைக் கரியில் இருந்துதான் தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வருகிறது, தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கும் அது போகிறது, இப்போது சோடியம் அயன் பேட்டரியின் எதிர்மின்முனைக்கான ஹார்ட் கார்பனையும் சிரட்டையில் இருந்து செய்கிறார்கள். இவ்வளவு கிராக்கி உள்ள பொருளை மண்ணில் புதைப்பது நஷ்டம், வாங்க ஆள் இருந்தால் விற்று விடுங்கள். தேங்காய்த் தொண்டும் அப்படித்தான், ஈத்தாமொழிப் பக்கம் அது கயிற்றுக்குப் போகும். விளையில் (தோட்டத்தில்) விலையே இல்லாமல் கிடப்பவை வேறு: கொதும்பு (தென்னம்பாளையின் காய்ந்த உறை), மட்டை, கிழங்கு பறித்த பிறகு வேலியோரம் சாய்த்து வைத்த மரச்சீனி (மரவள்ளி)க் கம்பு, ரப்பர் முறித்தபோது வியாபாரி விட்டுப்போன சுள்ளி. இதையெல்லாம் நாம் ஒரு மூலையில் குவித்துத் தீ வைக்கிறோம், சாம்பலாகிறது, அடுத்த மழையில் அந்தச் சாம்பலும் ஓடைக்குப் போய்விடுகிறது. அதே குப்பையை, அதே தீயில், அதே அரை நாளில், பல நூறு வருஷம் மண்ணில் நிற்கக்கூடிய கரியாக எடுக்கலாம். ஒரு குழி வெட்டினால் போதும், கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

இது நம்ம மண்ணுக்குப் பிரயோஜனப்படுமா என்றால், படும், அதற்குக் காரணமும் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த பயோசார் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017-இல் வந்தது. வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது, குளிர்நாட்டு நிலங்களில் சராசரியாகப் பார்த்தால் ஒன்றுமே கூடவில்லை. வெப்பமண்டலத்து மண் பெரும்பாலும் புளித்த, அதாவது அமிலத்தன்மை உள்ள மண், சத்து கரைந்து போன மண், கரி காரத்தன்மை உள்ளது, அதனால் அங்கேதான் எடுபடுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரளைச் செம்மண்ணை நினைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மண் அது, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பொட்டாசியமும் வருஷா வருஷம் கழுவிக்கொண்டு போகிறது. அந்த மாதிரி மண்ணுக்குத்தான் இது மருந்து. கடலோரத்து உப்பு மண்ணோ, கார அமில நிலை (pH) ஏற்கெனவே 7-க்கு மேலே உள்ள மண்ணோ என்றால் பயோசார் பக்கம் போகாதீர்கள், இருக்கிற காரத்தோடு இன்னும் காரம் சேரும். உங்கள் மண் எந்த வகை என்று தெரியாவிட்டால் குழி வெட்டுவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்து விடுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

தீ எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். விறகு சூடாகும்போது முதலில் ஈரம் போகும், அப்புறம் எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வரும், நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு முழுக்கப் போனபின் மிஞ்சுவது கரி. அதற்கு மேலும் காற்றுப் பட்டால்தான் கரி சாம்பலாகும். ஆக, வாயு எரிய வேண்டும், கரிக்குக் காற்றுப் படக்கூடாது. இதற்கு எளிய வழி கூம்பு வடிவக் குழி. மேலே பரந்து எரியும் சுவாலை வருகிற காற்றை எல்லாம் தானே தின்றுவிடும், கீழே இருக்கும் கரிக்கு ஒன்றும் மிஞ்சாது. கோன்-டிக்கி என்ற பெயரில் 2014-இல் சுவிட்சர்லாந்தில் இதற்கு இரும்புக் கூம்பு ஒன்றை வடிவமைத்தார்கள். அதையே மண்ணில் குழியாக வெட்டினாலும் வேலை நடக்கும். மண்போட்டு மூடிப் புகையவிடும் பழைய கரிமூட்டத்தில் எரியாத வாயு எல்லாம் வெளியே வரும், மீத்தேனும் அதில் சேர்த்தி. திறந்த குழியில் அந்த வாயு பெரும்பாலும் சுவாலையிலேயே எரிந்து போகிறது.

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, விறகு காயும். ஆனால் அதே சமயத்தில்தான் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும், தரை முழுக்கச் சருகு, ஒரு பொறி போதும். ரப்பர் விளைக்குள்ளே குழி வெட்டவே வேண்டாம். வீட்டில் இருந்தும் தொழுவத்தில் இருந்தும் வைக்கோல் படப்பில் இருந்தும் தள்ளி, மேலே ஓலை தொங்காத வெட்டவெளியாகப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்கள் ஆனி ஆடிக் காற்றில் இதைத் தொடவே கூடாது. காற்றில்லாத காலை நேரம் எல்லாருக்கும் நல்லது, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

முதல் தடவைக்கு மேல் அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி போதும். சுவர் செங்குத்தாக இருக்கக்கூடாது, சரிவாக இறங்கிக் கீழே குறுக வேண்டும். நம்ம செம்மண் அந்தச் சரிவில் நன்றாக நிற்கும், மணல் மண் சரியும். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பைச் சுற்றி வரம்பு மாதிரி போட்டு மிதித்து விடுங்கள். பத்து குடம் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு ஓடுகிற நேரத்தில் பாதிக் கரி சாம்பலாகிவிடும்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முறித்தால் படக்கென்று முறியணும். ரப்பர்ச் சுள்ளி என்றால் பால் வற்றும் வரை பொறுங்கள். மணிக்கட்டு அளவுக்கு மேல் தடிமன் வேண்டாம், உள்ளே வேகாது. மட்டையின் அடிப்பாகத்தைக் கீறிப் பிளந்து போடுங்கள். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக் ஒன்றும் சேரக்கூடாது. மில்லில் இருந்து வரும் ரப்பர்ப் பலகைத் துண்டும் வேண்டாம், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள், அந்தக் கரி நாளைக்கு வாழை மூட்டுக்கு, அதாவது வாழையின் அடிக்குப் போகப் போகிறது.

குழிக்குள் சுள்ளியைச் சதுரமாக அடுக்கி, உச்சியில் காய்ந்த கொதும்பையும் ஓலையையும் வைத்து, மேலே இருந்து பற்ற வையுங்கள். கீழே இருந்து கொளுத்தினால் புகை வரும். மேலே பிடித்த தீ மெல்லக் கீழே இறங்கும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அடியில் ஒரு கனல் படுக்கை கிடைக்கும். அதைக் கம்பால் பரப்பி விட்டு முதல் அடுக்கைப் போடுங்கள்.

இதற்குப் பிறகு கண்தான் வேலை செய்ய வேண்டும். போட்ட சுள்ளி முதலில் மஞ்சள் சுவாலையோடு எரியும், சுவாலை தணியத் தணிய அது கறுத்துச் சுருங்கும், அப்புறம் அதன் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று படரத் தொடங்கும், விரலில் விபூதி ஒட்டியது போல. அதுதான் சாம்பல், அந்தச் சுள்ளியில் வாயு தீர்ந்துவிட்டது, கரியே எரிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளை கண்ணில் பட்ட உடனே அடுத்த அடுக்கைப் பரப்பி மூடுங்கள். முன்னாலேயே போட்டால் தீ அமுங்கிப் புகையும், தாமதித்தால் சாம்பல். குழி முழுக்க ஒரே நேரத்தில் வெளுக்காது, ஒரு பக்கம் முந்தும், அந்தப் பக்கத்தில் மட்டும் போட்டால் போதும். புகை எழுந்தால் அதிகம் போட்டுவிட்டோம் அல்லது விறகு ஈரம் என்று அர்த்தம், சுவாலை திரும்ப வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரேயடியாகக் கட்டுக்கட்டாகக் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை இது. குழி நிறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை ஆள் அங்கேயே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், குனிந்து முகத்தை மேலே நீட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கடைசி அடுக்கும் வெளுக்கத் தொடங்கும்போது அணைக்கவும். விளிம்பில் நின்று ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும், அதனால் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று முதலில் மெதுவாகத் தெளித்து, அப்புறம் தாராளமாக ஊற்றுங்கள். கம்பால் கிளறிக் கிளறி ஊற்ற வேண்டும், அடியில் இருக்கும் கனல் லேசில் அடங்காது. சீறல் சத்தம் நின்று, தண்ணீர் கரிக்கு மேலே தேங்கி நின்றால்தான் அணைந்ததாகக் கணக்கு. தண்ணீர் பஞ்சம் உள்ள இடத்தில் ஈர மண்ணால் ஒரு சாண் கனத்துக்கு மூடி மறுநாள் வரை விடலாம், ஆனால் தண்ணீர்தான் நம்பகமானது. அன்றைக்கே சாக்கில் கட்டித் தொழுவத்தில் வைக்கவே கூடாது. உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் ராத்திரியில் பிடித்துவிடும்.

நல்ல கரியா என்று பார்க்க, ஒரு துண்டை முறியுங்கள், கண்ணாடி முறிகிற மாதிரி கிணுங்கென்று சத்தம் வரணும், உள்ளே பழுப்பு நிறம் இருக்கக்கூடாது. கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள், போய்விட்டால் நல்லது. எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டி சோப்பு கேட்டால் தார் மிஞ்சியிருக்கிறது, அந்தத் துண்டுகளை அடுத்த தடவைக் குழியில் போட்டு எரித்துக்கொள்ளலாம். பிறகு ஈரத்தோடேயே சாக்கில் கட்டி மிதித்துக் கடலைப்பருப்பு அளவுக்கு நொறுக்குங்கள். காய்ந்த கரியை இடித்தால் தூசி நெஞ்சுக்குள் போகும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்பட்டு வெறும் கரியை அப்படியே மண்ணில் போட்டு, இலை மஞ்சளித்ததும் பயோசார் ஏமாற்று என்று விட்டுவிடுகிறார்கள். கரி உரம் இல்லை. அதில் தழைச்சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, நுண்துளைகள்தான் நிறைய. வெறுமையாக இறக்கினால் மண்ணில் இருக்கும் சத்தையும் முதலில் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சத்தை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். நேபாளத்தில் பூசணியில் நடந்த ஒரு சோதனை 2015-இல் வெளிவந்தது. எக்டேருக்கு 750 கிலோ கரியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்து வேரடியில் வைத்தார்கள். கோமூத்திரம் மட்டும் விட்ட செடிகளை விட விளைச்சல் நாலு மடங்கு, வெறும் கரி வைத்ததை விட 85 சதவீதம் அதிகம். ஒரு பயிர், ஒரு இடம், அதனால் நமக்கும் நாலு மடங்கு என்று கணக்குப் போட வேண்டாம். ஆனால் ஊறவைத்த கரியை விசிறாமல் வேரடியில் கொஞ்சமாக வைக்க வேண்டும் என்ற பாடம் எங்கேயும் பொருந்தும்.

மாடு இருக்கிற வீட்டில் இது ரொம்ப எளிது. தொழுவத்துச் சாலில் ஓடும் கோமூத்திரத்தைப் பிடித்து, கரி முழுக்க நனையும் அளவுக்கு ஊற்றி, மூடி, இரண்டு வாரம் விடுங்கள், இடையில் இரண்டு மூன்று தடவை கிளறுங்கள். இதை விடவும் எனக்குப் பிடித்த வழி, கரியைத் தொழுவத் தரையிலேயே தூவி விடுவது. மாடு நிற்கும் இடத்தில் ஈரத்தை உறிஞ்சும், அமோனியா நெடி குறையும், சாணியோடு சேர்ந்து எருக்குழிக்குப் போய்த் தானே ஏறிக்கொள்ளும். மாடு இல்லாதவர்கள் மக்கு உரக் குவியலில் பத்தில் ஒரு பங்கு கலந்து மட்க விடலாம். சாண எரிவாயுக் கலனில் இருந்து வரும் கழிவுநீரும் அருமையானது. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவான நார்டெப் உருவாக்கிய சக்தி சுரபி மாதிரி அடுக்களைக் கழிவுக் கலன் வைத்திருந்தால் அதன் கழிவுநீரையே ஊற்றுங்கள்.

எவ்வளவு வைப்பது? நேபாளச் சோதனையின் எக்டேருக்கு 750 கிலோவை, ஆறரை அடிக்கு ஒன்றாக நட்ட வாழைக்குப் பகிர்ந்தால் ஒரு மூட்டுக்கு 300 கிராம் வரும், நனைக்கும் முன் உள்ள எடையில். மட்டியோ செந்துளுவனோ ஏத்தனோ, நடும்போது குழியில் எருவோடு சேர்த்து வைப்பதுதான் சுலபம். வளர்ந்த வாழைக்கு ஒரு முழம் தள்ளிச் சுற்றி லேசாகக் கொத்தி வைத்து மண்ணால் மூடுங்கள், மேலே கிடந்தால் மழையில் மிதந்து போய்விடும். மூன்றடிக் குழி ஒன்று நிறைந்தால் காய்ந்த கணக்கில் பதினைந்து இருபது கிலோ கிடைக்கும், ஐம்பது அறுபது மூட்டுக்குக் காணும். பழைய எருவை நிறுத்தாதீர்கள், கரி அதற்குப் பதில் இல்லை. கார்பனை மண்ணில் நிறுத்தியதற்குக் கார்பன் கிரெடிட் என்று பணம் வரும் என யாராவது சொன்னால் அதை நம்பித் தொடங்கவும் வேண்டாம், அதற்கு ஆய்வகச் சோதனையும் அளவுக் கணக்கும் சான்றிதழும் வேண்டும், ஒரு வீட்டுக் குழிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனாலும், முக்கால் பங்கு கார்பன் உள்ள ஒரு கிலோ கரியை மண்ணில் வைத்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கார்பன் காற்றுக்குத் திரும்பாமல் நிற்கிறது, அந்த வேலை பணம் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும்.

எல்லா வாழைக்கும் வைத்துவிடாதீர்கள். ஒரே நாளில் நட்ட இரண்டு வரிசையை எடுத்து, ஒன்றுக்குக் கரி ஏற்றிய எரு, இன்னொன்றுக்கு அதே அளவு வெறும் எரு. கம்பில் துணி கட்டி அடையாளம் வையுங்கள், குலை தள்ளிய தேதியையும் வெட்டும்போது குலையின் எடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் உங்கள் மண்ணுக்கு இது தேவையில்லை, அந்தக் கரியைத் தொழுவத்தில் தூவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.